இரண்டு முழத் தொலைவும் இரண்டு லட்சம் ஏக்கரும்

1897-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காடுகள் குறித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி அக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றளவும் தீராத வழக்கு. கேரள அரசு முதல் எண்ணைச் சொல்கிறது. சூழல் அமைப்பினர் இரண்டாம் எண்ணைச் சொல்கின்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரேயோர் இலக்கம். அந்த ஓர் இலக்கத்தின் மதிப்போ இரண்டு லட்சம் ஏக்கர். வண்டன்மேடும் அதைச் சூழ்ந்த உடும்பன்சோலைப் பகுதிகளும் இந்த வழக்கின் நிழலில்தான் வாழ்கின்றன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அம்மலைகளில் புதிய பட்டாக்கள் வழங்குவதை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. தோட்டக்காரர், வீட்டு மனைக்காரர், வனத்துறையினர் எனப் பலருடைய நாளைகள் ஒரு பழைய தாளின் முன் காத்து நிற்கின்றன.

எந்த எண் சரியானது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓர் ஆவணம் ஒரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு நகரும்போது, ஒரு படியிலிருந்து இன்னொரு படி பிறக்கும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று உறுதிசெய்யும் வழி இல்லையெனில் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மனிதர்கள் அதன் விலையைச் செலுத்துகிறார்கள். படியெடுத்தல் எடுபிடி வேலையன்று. அது அறிவுத்துறையின் அடிப்படை அறம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். பாடபேதம் என்னும் சொல்லே அந்த உணர்விலிருந்து நிலைபெற்றது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இன்றைய ஆய்வாளர்களோ தங்கள் தரவுக் கோப்புகளை நகர்த்தும் முறையைக் கண்டால் வெட்கமே மிஞ்சும்.

காட்சி எளியது, எந்த ஆய்வுத்துறையிலும் காணக்கூடியது. ஏலத்தோட்டத்தின் ஓரத்தில் ஒரு மழைமானி. அதனோடு இணைந்த உள்ளங்கையளவுச் சிறு கணினி, பெரும்பாலும் ஒரு ராஸ்பெரி பை. அது மணிக்கொரு முறை மழையளவையும் ஈரப்பதத்தையும் கோப்பில் எழுதுகிறது. அல்லது தோட்டத் தொழிலாளர் லயத்தில் முதியவள் ஒருத்தி தன் தாய் தேனிச் சீமையிலிருந்து கம்பம்மெட்டு ஏறி வந்த கதையைச் சொல்ல, அதைப் பதிவுசெய்த கருவி. மாலையில் அக்கருவி ஆய்வாளரின் மேசைக்கு வருகிறது. மேசைக்கணினிக்கும் கருவிக்கும் இடையே இரண்டு முழத் தொலைவு. இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கின்றன. ஆயினும் கோப்பு எப்படிச் செல்கிறது? கருவியிலிருந்து கைப்பேசிக்கு, கைப்பேசியிலிருந்து கடல்கடந்த ஏதோவொரு சர்வருக்கு, அங்கிருந்து மீண்டும் மலையேறி அதே மேசைக்கு. அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய செய்தியைக் கொழும்புக்குக் கடிதமெழுதி அங்கிருந்து அவருக்கு அஞ்சல் போடச் சொல்வதற்கு ஒப்பானது இது.

சுற்றுவழி என்பது மட்டுமே குற்றமாயின் பொறுத்துக்கொள்ளலாம். வழியில் கோப்பு சிதைகிறது என்பதே உண்மையான குற்றம். வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பப்படும் நிழற்படம் சுருக்கப்படுகிறது. எடுக்கப்பட்ட நாள், நேரம், இடம் முதலிய உட்குறிப்புகள் உதிர்ந்துபோகின்றன. பட்டா ஆவணம் ஒன்றின் படத்தில் மங்கலான ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று ஆராய வேண்டிய வரலாற்று மாணவர், அந்த வேறுபாட்டைத் தாங்கிநின்ற புள்ளிகளைத் தாமே அழித்துவிட்டுப் பிறகு உருப்பெருக்கிப் பார்க்கிறார். படமாக அன்றி ஆவணமாக அனுப்பினால் இச்சிதைவு நேராது என்பது உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டை அவருக்கு எந்த நெறியாளர் சொன்னார்? எந்த வகுப்பில் அது கற்பிக்கப்பட்டது?

இன்னொரு வழக்கம், ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் மின்னிணைப்பை அப்படியே பிடுங்கி, மெமரி கார்டை உருவிக் கணினியில் செருகுவது. எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கிறது. சில வேளை கார்டின் கோப்பமைப்பே குலைகிறது. ஒரு பருவமழையின் தரவு ஒரு நொடிப் பொறுமையின்மையில் போய்விடுகிறது. பின்னர் ஆய்வேட்டில் அந்த இடைவெளி 'கருவிக் கோளாறு' என்று பதிவாகிறது. பழி கருவிமேல், பிழை கையில்.

இவற்றுக்கெல்லாம் மறுமொழியாக ஒரே சொல் முன்வைக்கப்படுகிறது: கிளவுட். கருவி தானே நேராக மேலே ஏற்றிவிடும், மேசைக்கணினி தானே கீழே இறக்கிக்கொள்ளும், ஆய்வாளர் எதையும் அறிய வேண்டியதில்லை. இந்த 'அறிய வேண்டியதில்லை' என்பதைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது. மலைநாட்டில் இணைய இணைப்பு எப்போது அறும்? பெருமழை பெய்யும்போது, மரம் விழும்போது, மின்கம்பம் சாயும்போது. மழையை அளக்க வைத்த கருவி, மழை பெய்தால் பேசாது என்னும் ஏற்பாட்டை அறிவியல் என்று எப்படி அழைப்பது?

இது கற்பனை அச்சமன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு, இதே இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மழையில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்தமையால் அந்தச் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலையாயிற்று. அங்கு நிகழ்ந்த பேரிழப்பிற்குக் கோப்புப் பரிமாற்றம் காரணமன்று. அதை அப்படிச் சொல்வது இறந்தோரை இழிவுபடுத்துவதாகும். ஆனால் ஒன்றை அந்த இரவு ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தது: மலையில், எந்த நாளின் தரவு மிக மிக வேண்டியதோ அந்த நாளில்தான் வெளியுலக இணைப்பு இருக்காது. அந்த நாளை மையமாக வைத்துத்தான் ஆய்வுக் கருவிகளின் ஏற்பாடு அமைய வேண்டும். வெயில் நாளை மையமாக வைத்தன்று.

வெளியுலக இணைப்பு அறுந்தாலும் அறைக்குள் இருக்கும் வலைப்பின்னல் அறுவதில்லை. ரவுட்டருக்கும் கருவிக்கும் மின்கலம் இருந்தால் போதும். இதைப் பலர் நம்ப மறுப்பதே வியப்பு. 'நெட் இல்லை' என்றால் வைஃபையும் இல்லை என்று முதுகலை முடித்தோரும் எண்ணுகிறார்கள். வைஃபை என்பது வீட்டின் உள்வழி. இணையம் என்பது வாசலுக்கு வெளியே ஓடும் தெரு. தெரு மறிக்கப்பட்டால் அடுக்களையிலிருந்து கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முடியாதா? 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இந்த உள்வழிக்கென்றே 1994-இல் ஒதுக்கப்பட்டவை. அவை வெளித்தெருவில் செல்லா. உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் ஒன்றையொன்று அறியாமல் புழங்குகின்றன. கருவிக்கு அப்படியோர் எண், மேசைக்கணினிக்கு அப்படியோர் எண். இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மூன்றாமவர் எவரும் தேவையில்லை.

இந்த நேர்ப்பேச்சுக்கான கருவிகள் யாரால் உருவாயின என்பதை எண்ணினால் பல்கலைக்கழகங்களின் இன்றைய அலட்சியம் இன்னும் கசக்கும். கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் பயின்று எம்ஐடிக்குச் சென்ற இந்தியர். கடவுச்சொற்களைத் திருடும் தாக்குதல் ஒன்று தம் பல்கலைக்கழக வலைப்பின்னலில் நடந்ததைக் கண்டு, 1995-இல் மறைகுறியாக்கப்பட்ட எஸ்எஸ்ஹெச் இணைப்பை உருவாக்கியவர் தாத்து யூலோனன். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். விண்டோஸ் கணினியும் யூனிக்ஸ் கணினியும் கோப்புறைகளைப் பகிர்ந்துகொள்ளத் துணைநிற்கும் சாம்பாவையும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க்கையும் தந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர். 1996-இல் பால் மெக்கராசுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆர்சிங்க், 1999-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ஆக, இவை சந்தையின் கொடைகள் அல்ல, ஆய்வுக்கூடங்களின் பிள்ளைகள். பெற்றோர் மறந்துவிட்ட பிள்ளைகள்.

ஆர்சிங்க் செய்யும் வேலையை ஒரு முறை விளங்கிக்கொண்டால் போதும், அதன் அருமை புரியும். ஐந்நூறு கோப்புகள் உள்ள கோப்புறையில் நேற்றைக்குப் பிறகு மூன்று கோப்புகள் மட்டும் மாறியிருந்தால் அந்த மூன்றை மட்டும் அது நகர்த்துகிறது. பெரிய கோப்பொன்றின் நடுவில் சிறு பகுதி மாறியிருந்தால், இரு முனைகளிலும் கோப்பைத் துண்டுகளாக்கி ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பவும் வல்லது. எழுதப்பட்ட நேரத்தை மாற்றாமல் காக்கச் சொன்னால் காக்கும். பாதியில் அறுந்த கோப்பின் எஞ்சிய பகுதியிலிருந்து தொடரச் சொன்னால் தொடரும். எஸ்எஸ்ஹெச் வழியே செல்வதால் இடையில் எவரும் படிக்க இயலாது. பூட்டும் சாவியுமாக ஓர் இணையை ஒரு முறை உருவாக்கி, பூட்டைக் கருவியிலும் சாவியைக் கணினியிலும் வைத்துவிட்டால் கடவுச்சொல்லும் கேட்பதில்லை. ஒருநாள் மாலை கற்கக்கூடியது இது. விலையோ ஏதுமில்லை.

கற்காமல் விட்டால் நேரும் கேடுகளோ நுண்மையானவை. அவற்றுள் சிலவற்றையேனும் பட்டியலிட வேண்டும். ஏனெனில் இவை எந்த ஆய்வு முறையியல் நூலிலும் எளிதில் அகப்படுவதில்லை.

முதலாவது, கடிகாரம். ராஸ்பெரி பையின் பெரும்பாலான வகைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் கிடைத்தால்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். மலையில் மின்சாரம் போய் வந்து, இணையம் வராதிருந்தால் கருவி தான் கடைசியாக அறிந்த பழைய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நள்ளிரவில் பெய்த மழை மாலையில் பெய்ததாகப் பதிவாகிறது. ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பின் அளவையும் நேரத்தையும் கொண்டே மாற்றத்தை அறிவதால், நேரம் பிசகினால் அதன் தீர்ப்பும் பிசகக்கூடும்; அப்போது உள்ளடக்கத்தையே ஒப்பிடுமாறு அதற்குச் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் மின்கலக் கடிகாரச் சில்லு ஒன்று இந்த இடரைத் தீர்க்கும். அதை வாங்கச் சொல்லும் அறிவுதான் விலைமதிப்பற்றது.

இரண்டாவது, கோப்பின் பெயர். இரவு பத்தே முக்கால் என்பதை முக்காற்புள்ளியிட்டு 10:45 என்று பெயரில் எழுதும் கருவியின் கோப்பை விண்டோஸ் ஏற்காது. அதன் பெயர்களில் முக்காற்புள்ளிக்கு இடமில்லை. சில மென்பொருள்கள் பெயரை மாற்றிவிடும். சில அந்தக் கோப்பைத் தாண்டிச் செல்லும். நூறு கோப்புகளில் பத்து வராததை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

மூன்றாவது, தமிழ்ப் பெயர். இது தமிழாய்வாளர்க்கே உரிய இடர். ஆகவே அவர்களே மிகக் குறைவாக அறிந்தது. 'போடி' என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். 'போ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் ஆகிய இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். எனவே இரு கணினிகளுக்கிடையே சென்று வந்த கோப்புறையில் 'போடி' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே அமர்ந்திருக்கும் விந்தை நேர்கிறது. எது திருத்தியது, எது திருத்தாதது? ஒன்றை அழிப்பவர் எதை அழிக்கிறார் என்று அறியாமலே அழிக்கிறார். ஏட்டுச்சுவடியில் ஒற்றுப்புள்ளி இல்லாமையும் ஏகார எகர வேறுபாடு இல்லாமையும் பதிப்பாளரை அலைக்கழித்த கதையைப் பாடமாக நடத்தும் துறைகள், அதே கதை தம் மேசைக்கணினியில் மறுபிறவி எடுத்திருப்பதை அறியாதிருப்பது எத்தகைய முரண்!

நான்காவது, பழைய எஃப்டிபி முறையின் இரு வகைகள். உரைக் கோப்புக்கு ஒரு வகை, மற்றவற்றுக்கு இன்னொரு வகை. உரைவகையில் அனுப்பினால் வரியிறுதிக் குறிகள் இயங்குதளத்துக்கேற்ப மாற்றப்படும். ஒலிப்பதிவையோ நிழற்படத்தையோ தவறி உரைவகையில் அனுப்பினால், வரியிறுதிபோல் தோன்றும் இடங்களெல்லாம் மாற்றப்பட்டு அது பாழாகும். மேலும் எஃப்டிபி கடவுச்சொல்லைத் திறந்தவெளியில் அனுப்புவது. முன்னோடியை மதிக்க வேண்டும். அதற்காக அவர் ஓட்டிய வண்டியிலேயே இன்றும் மலையேற வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஒரு பொதுக் காப்பு உண்டு. எஸ்ஹெச்ஏ-256 போன்ற ஒரு முறையில், எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதற்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை கணிக்கலாம். கோப்பில் ஒரேயோர் இலக்கம் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். கருவியில் ஒரு முறை, மேசைக்கணினியில் ஒரு முறை கணித்து ஒப்பிட்டால் படி மூலத்தோடு ஒத்ததா என்பது சில நொடிகளில் தெரியும். அந்த 64 எழுத்துகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிட்டுவிட்டால், ஐம்பதாண்டு கழித்து வருபவரும் சரிபார்க்கலாம். 15,720 ஆ 2,15,720 ஆ என்ற வினாவே எழாது.

மறுப்புகள் வரும். வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'இது கணினித்துறையின் வேலை. மானுடவியலாளருக்கும் தாவரவியலாளருக்கும் எதற்கு?' என்பது முதல் மறுப்பு. நுண்ணோக்கியின் வில்லையைத் துடைக்கத் தெரியாத தாவரவியலாளரை எந்தத் துறையும் ஏற்காது. ஒலிப்பதிவை முழுமையாக வீட்டுக்குக் கொண்டுவரத் தெரியாத மானுடவியலாளரை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? கேரளத்தின் பள்ளிகளில் 2001 முதலே ஐடி@ஸ்கூல் திட்டம் நடந்தது; அதன் வழித்தோன்றலான கைட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினி கற்பிக்கிறது. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிதோறும் தொடங்கின. அதற்கும் முன்னரே பள்ளி மாணவர்களுக்கு ராஸ்பெரி பை கருவிகளை அரசு வழங்கியது. இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளும் லினக்ஸைத் தொட்டுப் பழகியே வளர்கின்றனர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு உரியது என்று அரசு கருதிய அறிவை முனைவர் பட்ட மாணவருக்கு மிகை என்று சொல்வது எந்த நியாயம்?

'கிளவுடே பாதுகாப்பு, மேசைக்கணினி பழுதானால் என்செய்வது?' என்பது இரண்டாம் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மறுக்கத் தேவையில்லை. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு படி வேறோர் இடத்தில் என்னும் காப்பு விதி நல்ல விதியே. மலைச்சரிவும் தீயும் ஓர் அறையிலுள்ள அனைத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே தொலைவிலொரு படி வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கருவியிலிருந்து மேசைக்கு நேராக, முழுமையாக, சரிபார்க்கப்பட்டதாக. பிறகே மேசையிலிருந்து தொலைவுக்கு. தொலைவிலிருப்பது படியாக இருக்க வேண்டும், மூலமாக அன்று. சந்தா நின்றால், கணக்கு முடங்கினால், நிறுவனம் சேவையைக் கைவிட்டால் மறைந்துபோகும் இடத்தில் ஒரே மூலத்தை வைத்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்பது தன்னையே ஏமாற்றுவது.

'உள்வலையைத் திறந்துவைத்தால் நச்சுநிரல் நுழையாதா?' என்பது மூன்றாவது. நுழையும், அறியாமல் திறந்துவைத்தால். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வன்னாக்ரை, விண்டோஸ் கோப்புப் பகிர்வின் மிகப் பழைய வடிவிலிருந்த ஓட்டை வழியாகவே பரவியது. எனவே அந்தப் பழைய வடிவை அணைத்துவைக்க வேண்டும்; கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும்; விடுதியின் பொது வைஃபையில் கோப்புறையைப் பகிரக் கூடாது. இவையெல்லாம் கற்பதற்கான காரணங்கள். கல்லாமைக்கான காரணங்கள் அல்ல. கத்தி கையை அறுக்கும் என்பதற்காக எவரும் சமையலைக் கைவிடுவதில்லை.

மறுப்பாளர் எவரும் தொடாத நான்காவது ஒன்று உண்டு, அதுவே கனமானது. லயத்தில் அமர்ந்து தன் வாழ்க்கையைச் சொன்ன முதியவளிடம் ஆய்வாளர் ஓர் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குகிறார். 'இந்தப் பதிவு ஆய்வுக்கு மட்டும் பயன்படும். பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கும்' என்று படித்துக் காட்டுகிறார். அன்றிரவே அந்தக் குரல் அவள் பெயரே கேட்டறியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏறுகிறது. அவள் மேலாளரைப் பற்றிச் சொன்னது, கூலியைப் பற்றிச் சொன்னது, மகளின் திருமணத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் அங்கே. படிவத்தில் எழுதியதும் செய்ததும் வேறு. இது தொழில்நுட்பப் பிழையா? இல்லை, வாக்குத் தவறுதல். இரண்டு முழத் தொலைவைக் கடக்கக் கல்லாத சோம்பல், எழுத்தறியாத ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைப் பொய்யாக்கியது. ஆய்வு அறத்தின் எந்த விதி இதை மன்னிக்கும்?

அறத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் குறித்த இரண்டு மதிப்பலகுப் பாடத்தை முனைவர் பட்ட மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. கருத்துத் திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் அளவீடுகள் எல்லாம் அதில் உண்டு. களத்தில் பிறந்த தரவு ஆய்வாளரின் மேசைக்குச் சிதையாமல் வந்து சேர்வதைப் பற்றித் தனி அலகு ஏதும் இல்லை. விளைச்சலை எடைபோடும் தராசைப் பற்றி முப்பது மணிநேரம் பேசிவிட்டு, களத்துமேட்டில் சாக்கு கிழிந்திருப்பதைப் பற்றி வாய் திறக்காத பாடம் அது.

வண்டன்மேட்டாரிடமிருந்தே ஒரு பாடம் கற்கலாம். ஏலக்காய் ஏலம் அங்கே நெடுங்காலம் வாய்மொழியாக நடந்தது. 2007-இல் மின்னேலம் வந்தது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் வணிகர் மண்டபத்தில் அமர்ந்தபடி கணினி வழியே விலை கேட்டனர். பிறகு நோய்த்தொற்றுக் காலத்தில் மாநில எல்லை அடைபட்டு ஏலம் தடுமாறிய பட்டறிவுக்குப் பின், 2021-இல்தான் இரு மண்டபங்களும் கிளவுட் வழியாக ஒரே நேரத்தில் இணைக்கப்பட்டன. முதலில் ஒவ்வொரு மண்டபமும் தன்னளவில் நின்றது. பிறகே தொலைவோடு கைகோத்தது. மிளகும் ஏலமும் விற்பவர்களுக்குத் தெரிந்த இந்த வரிசைமுறை, அறிவை விளைவிப்பவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒவ்வோர் ஆய்வுத்துறையிலும் முதலாண்டுப் பாடத்திட்டத்தில் மூன்று வகுப்புகள்: உள்வலை எப்படி இயங்குகிறது என்பதற்கு ஒன்று, எஸ்எஸ்ஹெச், ஆர்சிங்க் ஆகியவற்றைத் தம் கையால் செய்துபார்க்க ஒன்று, கைரேகை கணித்துப் பதிவேட்டில் எழுத ஒன்று. ஒவ்வோர் ஆய்வேட்டின் முறையியல் இயலிலும், தரவு எந்தக் கருவியில் பிறந்தது, எவ்வழியே எங்கு வந்தது, எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு பத்தி. ஒப்புதல் படிவத்தில் கோப்பு உறையும் இடத்தைப் பற்றி உண்மையான ஒரு வரி. வாய்மொழித் தேர்வில் நெறியாளர் குழு கேட்கவேண்டிய ஒரு கேள்வி: 'மூலக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது?' இக்கேள்விக்கு மறுமொழி சொல்ல இயலாத ஆய்வேடு, அடிக்குறிப்புகள் எத்தனை இருப்பினும், மூலம் காணாமற்போன படியே.

பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் ஏலத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும் மலை அது. இனிவரும் பருவமழைகளை அளக்கப்போகும் கருவிகள் அங்கே பெருகவே செய்யும். இன்னும் நூறாண்டு கழித்து அம்மழையைப் பற்றியும் அம்மண்ணைப் பற்றியும் வழக்கு எழுந்தால், அன்றைய நீதிபதியின் முன் இன்றைய ஆய்வாளரின் கோப்பு வைக்கப்படலாம். அதில் ஓர் இலக்கம் கூடிற்றா குறைந்ததா என்று அன்றும் இரு தரப்பினர் வாதிட வேண்டுமா? 1897-இன் எழுத்தருக்குச் சரிபார்க்கும் கருவி வாய்க்கவில்லை. இன்றைய ஆய்வாளருக்கு அந்தச் சாக்கு இல்லை. அவருடைய கருவி இரண்டு முழத் தொலைவிலேயே இருக்கிறது.